விளக்கைக் கழற்றச் சொன்ன மகளுக்கு

அன்பு மகள் அனிற்றா,

நீ அடுத்த கிழமை மெல்பேர்னுக்குப் புறப்படுகிறாய். டூட்டிங் கடையில் வாங்கிய கறித்தூளை அம்மா உன் பெட்டிக்குள் வைப்பதும், பாரம் கூடிவிட்டதென்று நீ அதை வெளியே எடுப்பதுமாக வீடு இருக்கிறது. இந்தச் சந்தடிக்குள் உன்னை ஓரிடத்தில் இருத்தி வைத்துக் கதைக்க என்னால் முடியவில்லை. நம் பங்குக் கோவிலின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சுவாமி கேட்டபோது, மகளுக்குக் கடிதமாக எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ, ஆனா முதல்ல மகளிட்டைக் கேளுங்கோ" என்றார். கேட்டேன். "என்ரை பேரைப் போடுங்கோ அப்பா. கொம்பனியின்ரை பேரை மட்டும் போடாதேங்கோ" என்றாய். போடவில்லை. அந்த வேலை நடந்த நகரத்தின் பெயரையும் போடவில்லை.

எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன மாதம் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது சவரிமுத்து அண்ணை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "தம்பி, குறை நினைக்காதை. பிள்ளையை வேலையால நிப்பாட்டிப் போட்டினமாம். சிக்னலை எல்லாம் கழட்டச் சொன்னதாம். உண்மையோ?" அவர் வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். "இல்லை அண்ணை, அவளாத்தான் போறாள்" என்றேன். தலையாட்டினார், ஆனால் நம்பிய முகமாக இல்லை. அவர் கேட்டதில் ஒரு பாதி பொய், ஒரு பாதி உண்மை. நீ சிக்னலைக் கழற்றச் சொன்னது உண்மை. அதை ஏன் சொன்னாய், பிறகு என்ன செய்தாய் என்பது தெரியாமல் அந்தப் பாதி உண்மை மட்டும் ஊரெல்லாம் திரிவது எனக்குப் பிடிக்கவில்லை.

டிராம் ஓட்டாதவர்களுக்காக, டிராம் சாரதியான நான் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில் போகிற வேகத்துக்கு, முன்னால் ஏதாவது தெரிந்தபின் பிரேக் போட்டால் அது நிற்காது. அதனால் பாதை காலியாக இருக்கிறதா என்று சாரதிக்குச் சிக்னல் விளக்குத்தான் சொல்ல வேண்டும். டிராம் அப்படியல்ல. தெருவில், சனத்துக்கும் கார்களுக்கும் நடுவில், பஸ்ஸைப் போல ஓடுவது அது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே போ என்பதுதான் டிராமின் பழைய சட்டம். முன்னால் ஒரு டிராம் நின்றால் பின்னால் வருகிறவர் மெல்ல வந்து அதன் வாலோடு நிற்பார். சந்தியில் ஒருவருக்கொருவர் கைகாட்டி வழி விடுவார்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருந்தது.

நீ பிறந்த சுவிஸ் நகரத்தில் நான் அப்படித்தான் ஓட்டினேன். அங்கே ஒரு மேட்டில் ஏறும் இடத்தில் இரண்டு திசைக்கும் ஒரே தண்டவாளம். விளக்கு இல்லை. ஏறுகிறவருக்கு முதலிடம், இறங்குகிறவர் மேலே, பாதை அகலும் இடத்தில் காத்து நிற்பார். ஏறி வருகிறவர் கடந்து போகும்போது கையைத் தூக்கினால், எனக்குப் பின்னால் இன்னொரு டிராம் வருகிறது, நில் என்று பொருள். தலையசைத்தால் போகலாம். அந்த முறையைப் பார்க்க வருகிறவர்கள் அழகு என்று படமெடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் பயம்தான் இருந்தது. மூடுபனி நாட்களில், கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தது தலையசைப்பா, அல்லது அந்த மனிதர் கழுத்தை நிமிர்த்தினாரா என்று தெரியாது. பின்னால் இருக்கும் சனமெல்லாம் என் ஊகத்தில்தான் இருக்கிறார்கள் என்று நினைப்பேன்.

அதனால்தான் நாம் லண்டனுக்கு வந்து மிட்சம் பகுதியில் குடியேறி, எனக்கு இங்கே டிராமில் வேலை கிடைத்தபோது, அந்த வெள்ளைக் கோட்டு விளக்கு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. கோடு குறுக்கே கிடந்தால் நில், நிமிர்ந்து நின்றால் போ. யாருடைய முகத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. நீ என்ஜினியரிங் படித்து, சிக்னல் வடிவமைக்கும் கொம்பனியில் சேர்ந்தபோது அதை மிட்சம் பகுதியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சொன்னேன். கறி வெட்டிக் கொடுக்கிற கடைக்காரருக்குக்கூடச் சொன்னேன். சாரதிகளின் பயத்தை எடுத்துப்போடுகிற வேலையை என் மகள் செய்கிறாள் என்பது என் நினைப்பு.

பிறகுதான் வடக்கே அந்த நகரத்தின் வேலை வந்தது. அங்கே டிராம் பாதையைப் பழைய சந்தைத் தெருவுக்குள் நீட்டினார்கள். உங்கள் கொம்பனிதான் சிக்னல் போட்டது. தெருவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்குள் ஒரு டிராம்தான் நிற்கலாம் என்று ரயில் பாதையைப் போலவே அமைத்தீர்கள். நீயும் அந்தப் படங்களை வரைந்தவர்களில் ஒருத்தி. ஓட்டம் தொடங்கிய பிறகு குறைகள் தெரிய வந்தன. முன் டிராம் சந்தைத் தரிப்பிடத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நிற்கும்; பின் டிராம் தெருவின் மறு முனையில் விளக்குக்கு முன்னால் நிற்கும். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தரிப்பிடம் கண்ணுக்கு முன்னால் தெரியும். இறங்க முடியாது. கதவில் தட்டுவார்கள், சாரதியை ஏசுவார்கள். வேறு சில நாட்களில் டிராம் வந்து நிற்பதை வீதிக்குள் புதைத்த கம்பி உணராது. கோடு குறுக்கேயே கிடக்கும். முன்னால் தெரு வெறுமையாய்க் கிடந்தாலும் போக முடியாது. கட்டுப்பாட்டு அறையை அழைத்து, அவர்கள் விசாரித்து, அனுமதி தரும்வரை காத்திருக்க வேண்டும். இவையெல்லாம் தாமதம்தான், திருத்தலாம் என்று அப்போது நீ சொன்னாய். நானும் ஓம் என்றேன்.

அந்த மழைநாள் காலைதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஓட்டத்தைக் கவனிப்பதற்காக நீ கிறிஸ்டீன் என்ற சாரதியின் பக்கத்தில் நின்றாய். பல வருடம் டிராம் ஓட்டியவர், நிதானமானவர். சந்தைத் தெரு விளக்கில் டிராம் நெடுநேரம் நின்றது. ஏற்கெனவே பிந்திவிட்டது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஏன் பிந்துகிறது என்று வேறு கேட்கிறார்கள். கோடு நிமிர்ந்தது. கிறிஸ்டீன் டிராமை எடுத்தார். டிராம் இனி அசையாது என்று நினைத்த ஒரு கிழவர் குடையைத் தாழப் பிடித்தபடி, சாமான் வண்டிலையும் இழுத்துக்கொண்டு முன்னால் கடந்துகொண்டிருந்தார். நீ கத்தினாய். கிறிஸ்டீன் முழுப் பிரேக்கையும் போட்டார். நின்றது. கிழவர் குடையை உயர்த்திப் பார்த்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, தன் பாட்டில் போய்விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கிறிஸ்டீனின் கை பிடியை விட்டு வரவில்லை என்றும், "லைட் போகச் சொன்னதே, லைட் போகச் சொன்னதே" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார் என்றும் நீ அன்று வீட்டுக்கு வந்து சொன்னாய். அம்மா போட்டுத் தந்த புட்டு உனக்கு முன்னால் ஆறிக் கிடந்தது.

"அப்பா, அந்த லைற் சொன்னது முன்னால வேறை டிராம் இல்லையெண்டு மட்டும்தான். றோட்டில ஆள் இல்லையெண்டு அது சொல்லேல்லை. ஆனா அவவுக்கு அது எல்லாத்தையும் சொன்ன மாதிரி இருந்திருக்கு. அப்பிடி நினைக்க வைச்சது நாங்கள்."

"அது சாரதியின்ரை பிழை," என்றேன். "லைற்றையும் பாக்கவேணும், றோட்டையும் பாக்கவேணும்."

"நீங்கள் பாக்கிறியளோ?"

"பாக்கிறன்."

"நெடுகவுமோ?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தெருவில் விளக்குகளை எடுத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் பழையபடி கண்பார்வையில் ஓட விடவேண்டும் என்று நீ சொன்னபோது, "உனக்கு விசரோ?" என்று கேட்டேன். "விளக்கு இல்லாட்டி வாற பிழை எல்லாம் சாரதியின்ரை தலையிலதான். நான் சுவிஸில பட்ட பாடு உனக்குத் தெரியாது." நீ எழும்பிப் போய்விட்டாய். அடுத்த நாள் என் ஷிப்டில் என் கண்களை நானே கவனித்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு சந்தியில் விளக்குக்காகக் காத்து நின்றபோது, நடைபாதையில் யார் நிற்கிறார்கள் என்று என்னையே கேட்டேன். தெரியவில்லை. விளக்கை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாய் நிற்கிறார்கள். இதை உனக்கு உடனே சொல்லியிருக்கலாம். சொல்லாமல், உன்னோடு இன்னும் கொஞ்சக் காலம் வாதாடிக்கொண்டுதான் இருந்தேன்.

நீ அதைக் கொம்பனிக் கூட்டத்தில் சொன்னாய். உன் மனேஜர், போட்ட விளக்கை எடுப்பதும் போடாமலே விடுவதும் ஒன்றல்ல, எடுத்த பிறகு ஏதாவது நடந்தால் எடுக்கச் சொன்னவரைத்தான் உலகம் தேடும் என்று சொன்னாராம். "தேடட்டும், நான்தான் சொன்னேன் என்று சொல்வேன்" என்றாயாம். அந்த வேலையிலிருந்து உன்னை எடுத்தார்கள். வேறு யாரோ வரைந்த வயர்ப் படங்களைச் சரிபார்க்கும் மேசையில் இருத்தினார்கள். ஒரு கோடைகாலம் முழுக்க நீ அதைச் செய்தாய். முறைப்பாடு சொல்லவில்லை. விடுமுறை எடுத்து, உன் சொந்த நேரத்தில் அந்த நகரத்துக்குப் போய்ச் சந்தைத் தெருவில் நின்று, யார் எப்படிக் கடக்கிறார்கள், சாரதிகள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனித்துவிட்டு வருவாய். அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினா. நான் வெளியே சொல்லாமல் உன்னைப் பார்த்து அதிசயப்பட்டேன். உன் வயதில் நான் ஒரு மேலதிகாரிக்கு முன்னால் இரண்டு வசனம் சேர்த்துப் பேசியதில்லை.

பிறகு ஒருநாள் கொம்பனியே உன்னைக் கூப்பிட்டது. விளக்குகளைப் பராமரிக்கிற தொல்லை அவர்களுக்கும் அலுத்துவிட்டது. உன் யோசனை சரி, விளக்குகளை எடுக்கலாம் என்றார்கள். அன்று வீட்டில் பெரிய சந்தோஷம். அம்மா அப்டன் பார்க்கிலிருக்கும் தன் தங்கச்சிக்கு உடனே போன் எடுத்துச் சொன்னா. இரண்டு நாள் கழித்து நீ முகம் இறுகி வந்தாய். விளக்கை எடுக்கிறார்கள், ஆனால் டிராமை ஓட்டுகிற கொம்பனியின் நேர அட்டவணை அப்படியே இருக்கும், சாரதிகள் அதே அவசரத்தில்தான் ஓட வேண்டும். நீ அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நீ கேட்டதைத்தானே தருகிறோம்" என்று மனேஜர் கேட்டாராம். "நான் கேட்டதில் பாதியைத் தருகிறீர்கள். மற்றப் பாதி இல்லாவிட்டால் இது இப்போது இருப்பதைவிட மோசம். அப்படியென்றால் விளக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாய்.

நான்கூடப் பொறுமை இழந்துவிட்டேன். "இவ்வளவு பாடுபட்டு இப்ப ஏன் பிள்ளை குழப்புறாய்? கிடைச்சதை எடன்."

நீ என்னைத் திருப்பிக் கேட்டாய். "அப்பா, சுவிஸில அந்த மேட்டில காத்துக்கொண்டு நிக்கேக்க, கெதியா வா எண்டு ஆரும் உங்களைக் கேட்டவையோ?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் கேட்டதில்லை. அங்கே காத்து நிற்கிற நேரம் அட்டவணைக்குள்ளேயே இருந்தது. மூடுபனியில் சந்தேகம் வந்தால் நான் நிற்பேன், அடுத்தவர் வரும்வரை நிற்பேன், அதற்காக யாரும் என்னை ஏசவில்லை. இவ்வளவு காலமும் அந்த முறையில் நான் என் பயத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருந்தேன். பயந்தால் நிற்கலாம் என்று எனக்கு விட்டிருந்த சுதந்திரத்தை மறந்துபோனேன். ஒருநாளும் டிராம் ஓட்டாத நீ அதைக் கண்டாய். புதிய சிக்னலின் குறையைச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்கள் சாரதிகள் தேநீர் நேரத்தில் வேறெதைப் பேசுகிறார்கள்? பழையதை மெச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். பழையது ஏன் பாதுகாப்பாக இருந்தது என்று கேட்டு, அந்தக் காரணத்தையும் சேர்த்துத் தந்தால்தான் பழையதை எடுப்பேன் என்று நின்றவர் எனக்குத் தெரிய நீ ஒருத்திதான்.

சாரதிகளும் முதலில் உன் பக்கம் இல்லை. அவர்கள் தேநீர் குடிக்கும் கன்ரீனுக்கு நீ தனியே போனாய். விளக்கு இருந்தால் பழி விளக்குக்கு, இல்லாவிட்டால் எங்களுக்கு என்று என்னைப் போலவே அவர்களும் கேட்டார்கள். ஒருவர் எழும்பி, "நாளைக்கு எனக்கு ஏதாவது நடந்தால் நீ வந்து எனக்காகப் பேசுவாயா?" என்று கேட்டாராம். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் பேசுவேன் என்று சொல்லியிருப்பார்கள். நீ, அப்போது நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியாது, அதனால் அதை வாக்குத் தர முடியாது என்றாய். அந்தத் தெருவில் மெதுவாகப் போவதற்காக எந்தச் சாரதியையும் கேள்வி கேட்பதில்லை என்று டிராம் கொம்பனி எழுத்தில் தரும்வரை விளக்கில் கை வைக்க விடமாட்டேன், அந்த வாக்கைத்தான் தர முடியும் என்றாய். முதலில் கிறிஸ்டீன்தான் எழும்பி உனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு சாரதிகள் எல்லோரும் சேர்ந்து அதையே டிராம் கொம்பனியிடம் கேட்டார்கள். தந்தார்கள். அட்டவணையைத் தளர்த்தி, ஒரு மாரிகாலம் பரீட்சித்துப் பார்ப்போம் என்றார்கள்.

அதோடு முடிந்ததா? தெருவின் முடிவில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு வளைவு. அங்கேயும் விளக்கை எடுத்துவிடலாம் என்று இப்போது சாரதிகளே கேட்டார்கள். நீ மாட்டேன் என்றாய். வளைவுக்கு அப்பால் கண் தெரியாது, கண் தெரியாத இடத்தில் கண்ணை நம்பச் சொல்ல முடியாது என்றாய். உனக்காகக் கை தட்டியவர்களே முகத்தைத் திருப்பினார்கள். அன்று இரண்டு பக்கமும் உனக்கு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து, "அப்பா, இப்ப ஆருக்கும் என்னைப் பிடிக்காது" என்று சொல்லிச் சிரித்தாய். உன் கண் சிரிக்கவில்லை.

அந்த மாரிகாலம் ஒரு குறையுமில்லாமல் கழிந்தது. சந்தைத் தெரு விளக்குகள் பிறகு திரும்பி வரவில்லை, பாலத்து விளக்கு மட்டும் அப்படியே நின்றது. உன் கொம்பனி உன்னை வேலையால் நிறுத்தவில்லை. சவரிமுத்து அண்ணை இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஆனால் அடுத்த பெரிய வேலைகளுக்கு உன் பெயரை யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் உனக்குப் பக்கத்து நாற்காலி வெறுமையாக இருக்கும் என்று ஒருமுறை சொன்னாய். அப்போதுதான், தெருவெல்லாம் டிராம் ஓடுகிற மெல்பேர்னில் இப்படிப்பட்ட ஒருவரைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நீயாக எழுதிப் போட்டாய், அவர்கள் உன்னையே தெரிவு செய்தார்கள்.

உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். போன மாதம் ஒரு லீவு நாளில், நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டு, அந்த நகரத்துக்கு ரயிலில் போனேன். சந்தைத் தெருவில் மத்தியானம் முழுக்க நின்றேன். இரண்டு டிராம்கள் ஒன்றின் வாலோடு ஒன்றாக வந்து நின்று, இரண்டும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தன. மீன்கடைக்கு முன்னால் ஒரு தாய், ஒரு கையில் தள்ளுவண்டியும் மறு கையில் பையுமாகத் தடுமாறினா. வந்த டிராம் மணிகூட அடிக்காமல் நின்றது. சாரதி அந்தத் தாயைப் பார்த்தார், தாய் சாரதியைப் பார்த்தா, கடந்து போனா. அவ்வளவுதான்.

கடைசித் தரிப்பிடத்தில் கிறிஸ்டீனைக் கண்டுபிடித்து, நான் அனிற்றாவின் அப்பா என்றேன். அவர் பிளாஸ்க்கை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் சொன்னதை நம்முடைய தமிழில் எழுதுகிறேன். "உங்கட மகள் கொம்பனிக்கும் எதிரா நிண்டவ, எங்களுக்கும் எதிரா நிண்டவ. அப்ப அவவை இஞ்சை ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை."

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்பவும் சில பேருக்குப் பிடிக்காது. ஆனா அந்தப் பாலத்து வளைவில லைற்றுக்கு முன்னால நிக்கேக்க, அப்பால கண்ணுக்குத் தெரியாம இருந்த டிராம் வந்து திரும்பும் பாருங்கோ, அப்ப அவையும் வாயைத் திறக்கிறேல்லை."

திரும்பி வரும்போது ரயிலில் இருந்து யோசித்தேன். உனக்கு அறிவுரை சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்க நினைத்தேன். சொல்ல வந்ததையெல்லாம் நீ எனக்கு முன்னமே செய்துவிட்டாய். எல்லாவற்றிலும் நான் உன்னோடு ஒத்துப்போகிறேன் என்றும் நினைத்துவிடாதே. மழை கொட்டுகிற காலையில், களைத்துப்போய் இருக்கும்போது, அந்த வெள்ளைக் கோடு நிமிர்வதைக் கண்டால் எனக்கு இன்னமும் நிம்மதிதான். எல்லாச் சாரதியும் எல்லா நாளும் விழிப்பாக இருப்பதில்லை. மெல்பேர்னில் விளக்கு வேண்டாம் என்று நீ எழுத முன்னர், களைத்துப்போன ஒருவரையும் நினைத்துக்கொள். நீ இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாய் என்று தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அங்கே உன்னைப் புகழ்கிறவர்கள் கிடைப்பார்கள், உன்னை வெறுக்கிறவர்களும் கிடைப்பார்கள். அவர்கள் தாமாக வருவார்கள். நீயாகத் தேட வேண்டியது, உன்னோடு சண்டை பிடித்துவிட்டு அடுத்த நாள் போய் நீ சொன்னதைச் சோதித்துப் பார்க்கிற ஒரு சாரதியை. இவ்வளவு காலமும் அந்த வேலையை இந்த வீட்டில் நான் பார்த்தேன். அங்கே அப்படி ஒருவர் கிடைக்கும்வரை எனக்குப் போன் எடு. நேர வித்தியாசத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் உன்னோடு வாதாடி முடியாத
அப்பா